பொது இல்: இங்கிலாந்தின் தெருமுனைப் பப்புகளும் அவற்றின் தேய்வும்

'பப்' என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்னும் ஆங்கிலத் தொடரின் குறுக்கம். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'பொது இல்' என வரும். பொது, இல் என்னும் இவ்விரு சொற்களும் கூடியதே, சங்க இலக்கியத்தில் ஊரவர் கூடும் இடத்தைக் குறிக்கும் 'பொதியில்' என்பர். பொதியில் மதுக்கூடம் அன்று. இரண்டிற்கும் வரலாற்றுத் தொடர்பும் இல்லை. ஆயினும், மதுவைச் சுட்டாது பொதுமையையும் இல்லத்தையும் சுட்டும் அப்பெயர், ஒரு பப் மூடப்படும்போது இழக்கப்படுவது எது என்னும் வினாவிற்கு வழிகாட்டுகிறது. இங்கிலாந்தின் தெருமுனைப் பப்புகளின் தேய்வை இக்கட்டுரை அந்நோக்கில் விளக்குகிறது.

இல்லமும் கூடமும்

'இல்' என்பது இங்கு வெற்றுப்பெயர் அன்று. 1830ஆம் ஆண்டின் பீர்ச் சட்டம், உள்ளூர் வரி செலுத்தும் குடியிருப்பாளர் எவரும் இரண்டு கினி செலுத்தி உரிமம் பெற்று, தம் வீட்டிலேயே பீர் விற்க வழிசெய்தது. ஆயிரக்கணக்கான வீடுகளின் முன்னறைகள் கடைகளாயின. கடை நடத்துவோர் மாடியில் குடியிருந்து கீழ்த்தளத்தில் விற்கும் வழக்கம் பிற்காலத்திலும் தொடர்ந்தது. விக்டோரியா காலத்தில் ஒரே கூரையின்கீழ்ப் பல அறைகள் தோன்றின. உழைப்பாளர்க்குப் 'பப்ளிக் பார்', சற்று வசதியுடையோர்க்குச் 'சலூன்', பிறர் பார்வை படாது அமர விரும்புவோர்க்கு 'ஸ்நக்' என்னும் சிற்றறை. ஒரே பீருக்குச் சலூனில் விலை சற்றுக் கூடுதல். பொது இல்லிலும் வர்க்கத்திற்கொரு கதவு இருந்தது.

இக்கூடங்களின் உள்வாழ்வை அறிய உதவும் சிறந்த சான்று, 'மாஸ் அப்சர்வேஷன்' ஆய்வுக்குழு 1937 முதல் போல்டன் என்னும் ஆலை நகரில் மேற்கொண்ட களப்பணியாகும். அதன் முடிவுகள் 1943இல் 'தி பப் அண்ட் தி பீப்பிள்' என நூலாயின. தேவாலயம், திரையரங்கு, நடன அரங்கு, அரசியல் அமைப்பு ஆகிய அனைத்தையும் சேர்த்தாலும், மக்களின் நேரத்தையும் பணத்தையும் பப்பே மிகுதியாகப் பெற்றது என அந்நூல் கூறுகிறது. குடிக்கும் வேகத்தைக் கடிகாரம் கொண்டு அளந்த ஆய்வாளர்கள், ஒன்றாக அமர்ந்தோர் ஏறத்தாழ ஒரே வேகத்தில் குடித்து ஒரே நேரத்தில் குவளையைக் காலிசெய்வதைக் கண்டனர். அங்கே குடித்தலே ஒரு கூட்டுச்செயலாக இருந்தது. சேமிப்புக் குழுக்களும் புறா வளர்ப்போர் சங்கங்களும் அங்குக் கூடின. டாமினோவும் டார்ட்ஸும் ஆடப்பட்டன.

பப்பின் அழகை எழுதுவோர் பலர் அதன் வாசலில் நிறுத்தப்பட்டோரை மறந்துவிடுகின்றனர். போல்டனில் 'வால்ட்' எனப்பட்ட அறைக்குள் பெண்கள் செல்லும் வழக்கம் இல்லை. 1960களில் ஸ்மெதிக் நகரப் பப்புகள் சில, இந்தியர் உள்ளிட்ட வெள்ளையரல்லாதார்க்கு இடம் மறுத்தன. பின்னர் அவ்வட்டாரத்தில் பஞ்சாபியர் பல பப்புகளை ஏற்று நடத்தினர். 'தேசி பப்' என இன்று வழங்கும் அவை, பீருடன் தந்தூரி உணவும் அளித்துப் பல சமூகத்தாரும் அமரும் இடங்களாயின. மரபு காக்கப்பட்டதற்கு இவையே நல்ல சான்றெனத் தோன்றுகிறது.

தேய்வு

ஐக்கிய இராச்சியத்தில் 2008இல் ஏறத்தாழ 50,000 பப்புகள் இருந்தன. 2018இல் அவை ஏறத்தாழ 39,000 ஆயின. இவ்வெண்ணிக்கையை மட்டும் கொண்டு தொழிலே நலிந்தது எனல் பொருந்தாது. தேசியப் புள்ளியியல் அலுவலகத் தரவுகளின்படி, அப்பத்தாண்டில் பப்புகளில் பணிபுரிவோர் தொகை குறையவில்லை. மூடப்பட்டவை பெரும்பாலும் சிறியவை; உணவு பரிமாறும் பெரிய பப்புகள் வளர்ந்தன. தேய்ந்தது நடந்துசென்று சேரும் தொலைவிலிருந்த பப்பே.

காரணங்களுள் எளிதில் சுட்டப்படுபவை 2007 ஜூலை முதல் நாள் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த புகைத் தடை, 2008 முதல் 2013 வரை பணவீக்கத்தை விஞ்சி உயர்த்தப்பட்ட பீர் வரி, பல்பொருள் அங்காடிகளின் மலிவுவிலை ஆகியன. இவற்றினும் ஆழமானது உடைமை மாற்றம். 2,000க்கு மேற்பட்ட பப்புகளை வைத்திருந்த பீர் ஆலைகள், மிகையானவற்றுள் பாதியைத் தம் பிடியினின்று விடுவிக்க வேண்டும் என 1989ஆம் ஆண்டின் ஆணை பணித்தது. ஆலைகளின் ஏகபோகத்தை உடைப்பதே நோக்கம். ஆனால் விற்கப்பட்டவற்றுள் பலவற்றைப் பப் நிறுவனங்கள் மொத்தமாக வாங்கின. நடத்துநர் அவற்றுக்கு வாடகையும் செலுத்தி, அவை குறித்த விலையில் பீரும் வாங்கவேண்டிய நிலை பரவியது. நோக்கத்திற்கு நேர்மாறான விளைவு.

பாழ்பட்ட பொதியிலைக் காட்டும் புறநானூற்று 52ஆம் பாடலில், முதியோர் சூதாடிக் குழிந்த இடங்களில் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. இங்கிலாந்தில் பப்பைக் காடு கொள்ளவில்லை, மனைவிலை கொண்டது. நகரங்களில் பப்பாக நடப்பதைவிடக் குடியிருப்பாக விற்கப்படும்போதே பல கட்டடங்கள் மிகுந்த பணம் தருகின்றன. பப்பைக் கடையாக மாற்றவோ இடிக்கவோ நெடுங்காலம் பெரும்பாலும் தனித் திட்ட அனுமதி தேவைப்படவில்லை. அவ்விலக்கு படிப்படியாகக் குறுக்கப்பட்டு 2017 மே மாதத்தில் நீக்கப்பட்டது.

கார்ல்டன் டேவர்ன்

லண்டன் மைடா வேல் பகுதியில் 1920–21இல் எழுந்த கார்ல்டன் டேவர்ன், உலகப்போர்க் குண்டுவீச்சுக்குத் தப்பிய கட்டடம். அவ்விடத்தில் அடுக்ககம் கட்டும் விண்ணப்பம் மறுக்கப்பட்டிருந்தது. மரபுக் கட்டடப் பட்டியலில் அதனைச் சேர்ப்பது பற்றியும் ஆராயப்பட்டு வந்தது. இந்நிலையில் 2015 ஏப்ரலில் உரிமையாளர் நிறுவனம் அனுமதியின்றி அதனை இடித்தது. முன்பிருந்தவாறே மீளக் கட்டுமாறு வெஸ்ட்மின்ஸ்டர் நகர மன்றம் ஆணையிட்டது; 2016இல் மேல்முறையீட்டு விசாரணையும் அதனை உறுதிசெய்தது. இடிக்கப்படுமுன் மரபுப் பாதுகாப்பு அமைப்பினர் எடுத்துவைத்திருந்த வார்ப்புகளும் ஒளிப்படங்களும் பணிக்கு உதவின. 2021 ஏப்ரலில் பப் மீண்டும் திறக்கப்பட்டது. இடையில் ஆறாண்டுகள் அத்தெருவினர் வேறிடம் சென்று பழகிவிட்டனரா என்பதை எந்த வார்ப்பும் பதிவுசெய்யாது.

வேறொரு வழியைக் கம்பிரியாவின் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் சிற்றூர் காட்டியது. அங்குள்ள 'ஓல்ட் கிரவுன்' பப்பை 2003இல் மக்களே கூட்டுறவாக வாங்கினர். 2011ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் பின்னர் இத்தகைய முயற்சிக்கு ஓரளவு இடமளித்தது. 'சமூக மதிப்புடைய சொத்து' எனப் பட்டியலிடப்பட்ட பப் விற்பனைக்கு வருமாயின், விலைகொடுக்கப் பணம் திரட்ட ஊரார்க்கு ஆறு மாத அவகாசம் கிடைக்கும். அவகாசம் முடிந்தபின் உரிமையாளர் தாம் விரும்பியவர்க்கே விற்கலாம். ஊராரின் விலையை ஏற்கவேண்டிய கடப்பாடு அவர்க்கு இல்லை.