வில்லங்கச் சொத்துக்கு வந்த போர்

பீளமேட்டில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். கிரயப் பத்திரம் எதுவானாலும் ஒரு வரி தவறாமல் வரும்: சொத்தில் வில்லங்கம் இல்லை, பின்னால் ஏதும் தெரியவந்தால் விற்றவரே தன் சொந்தச் செலவில் தீர்த்துத் தர வேண்டியது. அப்படித் தீர்த்துத்தர ஆளில்லாத ஒரு கிரயத்தால்தான் 1790இல் நம் கோயமுத்தூருக்குப் பீரங்கி வந்தது.

விற்றவர்கள் கொச்சியிலிருந்த டச்சுக்காரர்கள். வாங்கியவர் திருவிதாங்கூர் ராஜா ராம வர்மா. சொத்து, கொடுங்கல்லூர்க் கோட்டையும் ஆயக்கோட்டையும். 1789 ஜூலையில் மூன்று லட்சம் ரூபாய்க்கு முடிந்தது. மைசூரை ஆண்ட திப்பு சுல்தான் ஆட்சேபித்தார். அது கொச்சி ராஜாவின் மண், அவர் எனக்குக் கப்பம் கட்டுகிறவர், என்னைக் கேட்காமல் விற்க டச்சுக்காரனுக்கு ஏது பாத்தியதை என்றார். போர்த்துக்கீசியரிடம் சண்டை போட்டுப் பிடித்தது, எங்களுக்கே சொந்தம் என்பது டச்சுக்காரர் வாதம். என்னைக் கேட்டால் இரண்டு பக்கமும் பாதி நியாயம் இருக்கிறதுங்க. திருவிதாங்கூர் ராஜாவுக்கு அந்தக் கோட்டைகளால் வருமானம் வேண்டியதில்லை. திப்பு கைக்குப் போகாமல் இருந்தால் போதும்.

இதில் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பினி நடந்துகொண்ட விதம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. இந்த வாங்கலுக்கு எங்கள் ஆதரவு கிடையாது என்று சென்னை கவர்னர் ஹாலண்ட் ராஜாவிடம் கைவிரித்தார். கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸோ, திருவிதாங்கூரைத் தாக்கினால் போர்தான் என்று நின்றார். திப்பு கோயமுத்தூரில் படை சேர்த்து, டிசம்பர் 29 அன்று ஆனைமலை அடிவாரம் வரை நீண்ட திருவிதாங்கூரின் நெடுங்கோட்டை அரணில் மோதினார். அன்று அடிபட்டுத் திரும்பினார், அடுத்த ஏப்ரலில் உடைத்தே விட்டார்.

பிறகு சண்டை நம் பக்கம் திரும்பியது. 1790 ஜூலையில் கும்பினியின் ஜெனரல் மெடோஸ் கோயமுத்தூரைப் பிடித்தார். செப்டம்பரில் திப்பு கெஜலட்டிக் கணவாய் இறங்கி சத்தியமங்கலத்தில் அடித்தார். 1791இல் அவர் படை கோயமுத்தூர்க் கோட்டையை வளைத்தது. சால்மர்ஸ் என்ற அதிகாரி சொற்ப ஆட்களோடு தாக்குப்பிடித்து, நவம்பரில் சரணடைந்தார். இன்று கோட்டைச் சுவர் இல்லை. கோட்டைமேடு என்ற பேர் மட்டும் இருக்கிறது.

போரை முடித்த 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு பாதி ராஜ்ஜியத்தை இழந்தார். மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் அபராதம்; பிணையாக இரண்டு மகன்கள். திண்டுக்கல்லும் பாராமகாலும் கும்பினிக்குப் போயின. கோயமுத்தூர் 1799 வரை திப்புவிடமே இருந்தது. ராஜா காசு கொடுத்து வாங்கிய கொடுங்கல்லூர்க் கோட்டையை 1790லேயே திப்பு பிடித்து இடித்துவிட்டார். விற்றுக் காசு பார்த்த டச்சுக்காரர்கள் 1795இல் கொச்சியையே ஆங்கிலேயரிடம் பறிகொடுத்தார்கள்.