பதிவு இருக்கிறது, செயலிதான் மறைக்கிறது

வாட்ஸ்அப் போன்ற செயலிகளுக்கு சிம்மைக் கட்டாயமாக்கும் உத்தரவு வந்ததிலிருந்து கடிதங்கள் குவிகின்றன. ‘மாஸ்டடான், மேட்ரிக்ஸ் பக்கம் போய்விட்டால் இந்தத் தொல்லை கிடையாதாமே?’ என்கிறார் சின்னாளப்பட்டி வாசகர் ஒருவர். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து வந்த கேள்வி இன்னும் நேரடியானது: முதலாளி லோடு விஷயமாகப் போனோடு கேரளா போய்விட்டால், கமிஷன் கடைக் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப்பை யார் திறப்பது?

கவலை நியாயமானது. 2025 நவம்பர் 28 அன்று தொலைத்தொடர்புத் துறை போட்ட உத்தரவுப்படி, பதிவு செய்த சிம் போனில் இல்லாவிட்டால் செயலி ஓடக் கூடாது. கம்ப்யூட்டரில் திறந்திருந்தால் 6 மணி நேரத்துக்குள் தானாக வெளியேற்றிவிட வேண்டும். நிறுவனங்களுக்கு 90 நாள் அவகாசம் தரப்பட்டது. வெளிநாட்டிலிருந்து நடக்கும் மோசடியைத் தடுக்கத்தான் இது என்கிறது அரசு. ஆனால் மோசடிக்காரனுக்கு அடுத்தவர் பெயரில் சிம் கிடைத்துவிடுகிறது. ஆகவே முதலில் இடிபடப் போவது கமிஷன் கடைக்காரர்தான்.

சமூக வலையமைப்பான மாஸ்டடானும் உரையாடல் வலையமைப்பான மேட்ரிக்ஸும் போன் நம்பர் கேட்பதில்லை என்பது உண்மை. ஆனால் அங்கே போகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் வேறு. இந்த மாதிரி வலையமைப்புகளில் கணக்கு ஒரு சர்வரில் இருக்கும். அதைத் திறந்து காட்டும் செயலியை வேறு யாரோ செய்திருப்பார்கள். அரசுகள் கை வைப்பது செயலியின் மேல்.

இன்னொரு சமூக வலையமைப்பான ப்ளூஸ்கையில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். அங்கே ஒரு பதிவை மறைக்க அதை அழிக்க வேண்டியதில்லை. பதிவு இருந்த இடத்திலேயே இருக்கும். ‘இந்த நாட்டில் காட்டாதே’ என்று ஒரு லேபிள் மட்டும் தனியாக அதன் மேல் ஒட்டப்படும். செயலி அந்த லேபிளைப் படித்து, நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று பார்த்து, பதிவை மறைக்கும். 2025 ஏப்ரலில் துருக்கி அரசு கேட்டுக்கொண்டபடி பல கணக்குகள் இப்படித்தான் மறைந்தன. அதிகாரபூர்வ ப்ளூஸ்கை செயலியில் அந்த லேபிளை நீக்க வழியில்லை. ஆனால் ஸ்கீட்ஸ் போன்ற சின்னச் செயலிகள் நாட்டு லேபிள்களைப் படிக்கும் வேலையைச் செய்திருக்கவில்லை. ஆகவே ஒரே ஊரில், ஒரே நேரத்தில், ஒரு செயலியில் இல்லாத பதிவு இன்னொன்றில் இருந்தது.

கெட்டிக்கார ஏற்பாடு, சந்தேகமில்லை. இந்த லேபிள் எதையும் அடியோடு துடைப்பதில்லை. என்னை உறுத்துவது அடுத்த பாதி. பெரும்பாலோர் ப்ளே ஸ்டோரில் முதலில் தெரிகிற செயலியைத்தான் இறக்குவார்கள். அவர்களைப் பொறுத்தவரை அந்தப் பதிவு செத்துவிட்டது. ‘இங்கே யாரும் யாரையும் தணிக்கை செய்ய முடியாது’ என்கிற விளம்பரத்தை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

செயலியின் மேல் கை வைப்பது நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. காஷ்மீர் பயங்கரவாதிகள் பயன்படுத்துவதாகச் சொல்லி 2023 மே மாதம் ஒன்றிய அரசு முடக்கிய 14 செயலிகளில் எலிமென்ட்டும் ஒன்று. மேட்ரிக்ஸைத் திறக்கும் பல செயலிகளில் அது ஒன்று, அவ்வளவுதான். அதே கணக்கை ஃப்ளஃபிசாட் என்கிற இன்னொரு செயலியில் திறக்கலாம். ஆனால் மீட்புச் சாவியை முன்பே எழுதி வைத்திருக்காவிட்டால், பூட்டப்பட்ட பழைய உரையாடல்களைப் படிக்க முடியாமல் போகலாம். எனவே செயலியில் முதலில் பார்க்க வேண்டியது அழகை அல்ல. வேறு செயலிக்கு மாறும்போது எதெல்லாம் கூட வரும் என்பதைத்தான்.

மற்ற கேள்விகள்:

அரட்டை செயலி தப்புமா? உத்தரவு அதற்கும் உண்டு. யூபிஐ போல மற்ற செயலிகளோடு பேச வேண்டும் என்று அதை உருவாக்கிய நிறுவனத்தின் ஸ்ரீதர் வேம்பு சொன்னதை நடைமுறையில் காட்டிய பிறகு நம்பலாம்.

மாஸ்டடானில் சர்வர் மாறினால்? பின்தொடர்பவர்கள் வருவார்கள், பழைய பதிவுகள் வராது.

சர்வரையே மூடினால்? மூடும் முன்பே மாறிவிட வேண்டும். மொசில்லா தன் சர்வரை 2024 டிசம்பரில் மூடியபோது மூன்று மாதம் முன்னதாகச் சொன்னது.

மாஸ்டடானில் தனிச் செய்தி ரகசியமா? இல்லை, சர்வர் நடத்துபவர் நினைத்தால் படிக்கலாம். வங்கி விவரம், ஆதார் எதையும் அதில் அனுப்பாதீர்கள்.