முதியோர் இல்லத்தில் இருந்து தாத்தாவைக் காணோமா? முதல் 15 நிமிடங்கள் ஏன் முக்கியம்?

"சார், உங்க அப்பா ரூம்ல இல்ல. ரெண்டு மணி நேரமா தேடிட்டு இருக்கோம்."

முதியோர் இல்லத்தில் இருந்தோ, மருத்துவமனையில் இருந்தோ இப்படி ஒரு போன் வந்தால், முதல் வாக்கியத்திலேயே நமக்குக் கை, கால் ஓடாது. ஆனால், கோபம் வர வேண்டியது இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டுத்தான். அந்த ரெண்டு மணி நேரம் யாருக்கும் சொல்லாமல் ஏன் வீணானது? 'ஒருத்தரைக் காணோம்னா யார், என்ன, எத்தனை நிமிஷத்துல செய்யணும்' என்ற திட்டம் அந்த இடத்தில் இல்லை என்பதுதான் பெரும்பாலும் பதிலாக இருக்கும்.

அவங்க ஓடிப்போகலை!

டிமென்ஷியா எனும் மறதிநோய் உள்ளவர்களில் 10-ல் 6 பேர் ஒருமுறையாவது வழிதவறிப் போகிறார்கள் என்கிறது அமெரிக்காவின் அல்சைமர் சங்கம். நமக்கு அது 'காணாமல்போவது'. அவர்களைப் பொறுத்தவரை ஏதோ ஒரு வேலையாகக் கிளம்புகிறார்கள். 30 வருஷம் விடியற்காலை டூட்டிக்குப் போன கண்டக்டர் தாத்தாவுக்கு, 4 மணிக்கு முழிப்பு வந்தால் டிப்போவுக்குப் போகணும். 'ஸ்கூல் விட்டு பசங்க வந்துடுவாங்க' என்று பாட்டிக்குச் சாயங்காலமானால் பரபரப்பு. பொழுது சாயும் நேரத்தில் குழப்பமும் படபடப்பும் அதிகமாவது இந்த நோயில் சகஜம்.

நம்ம ஊர் மருத்துவமனைகளில் இப்படிப் போனவரின் கேஸ் ஷீட்டில் 'அப்ஸ்காண்டட்' என்று எழுதுவது வழக்கம். தலைமறைவான குற்றவாளிக்கும் அதே வார்த்தைதான். 'அவரா போயிட்டார்' என்று எழுதிவிட்டால், தேடுவது யார் பொறுப்பு என்ற கேள்வியும் அங்கேயே முடிந்துவிடுகிறது.

ஒரு ராணுவ வீரரின் பெயரில் ஒரு படிவம்

இங்கிலாந்தில் ஜார்ஜ் ஹெர்பெர்ட் என்று ஒரு முதியவர். இரண்டாம் உலகப் போரில் நார்மண்டி தரையிறக்கத்தில் பங்கேற்றவர். மறதிநோயோடு ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்தவர், இரண்டு முறை காணாமல்போனார். இரண்டாவது முறை அவர் உயிரோடு திரும்பவில்லை. தன் சிறுவயது வீட்டைத் தேடித்தான் கிளம்பியிருந்தார்.

அந்த வீடு எங்கே இருக்கிறது என்பது தேடுபவர்கள் கையில் முதல் நிமிஷத்திலேயே இருந்திருந்தால்? இந்தக் கேள்விக்கான பதில்தான் 'ஹெர்பெர்ட் புரோட்டோகால்'. நார்ஃபோக் போலீஸ் தொடங்கிய இந்த முறை இப்போது பிரிட்டனில் பல பகுதிகளில் நடைமுறையில் இருக்கிறது. பெரிய தொழில்நுட்பம் எதுவும் கிடையாது, ஒரு படிவம்தான். சமீபத்திய போட்டோ, பழைய முகவரிகள், வேலை பார்த்த இடங்கள், தினசரிப் பழக்கங்கள், சாப்பிடும் மாத்திரைகள், முன்பு காணாமல்போனபோது கிடைத்த இடம் எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி வைக்கணும். ஆளைக் காணோம் என்றதும் அதை அப்படியே போலீஸிடம் கொடுக்கணும். பதற்றத்தில் இருக்கும் குடும்பத்திடம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதும் நேரம் மிச்சம்.

ஜப்பானில் 2023-ல் மட்டும் மறதிநோய் தொடர்பாகக் காணாமல்போனவர்கள் பற்றி போலீஸுக்கு வந்த புகார்கள் 19,039. அதனால் அங்கே ஊரே பயிற்சி எடுக்கிறது. ஓமுட்டா நகரத்தில் ஒருவர் வழிதவறியவர் போல நடப்பார், அவரைக் கண்டுபிடித்துப் பதமாகப் பேச மக்கள் பழகுவார்கள். இருமா நகரத்தில் 2016-ல், விரல் நகத்தில் ஒட்டும் 1 செ.மீ கியூஆர் ஸ்டிக்கரைக் கொடுத்தார்கள்.

நல்ல இல்லத்தில் என்னென்ன இருக்கணும்?

* சேரும்போதே மதிப்பீடு: 'முன்னாடி எப்பவாவது தனியா வெளியே போயிருக்காரா? எந்த நேரத்துல படபடப்பாகிறார்?' என்று குடும்பத்திடம் கேட்டுப் பதிவு செய்யணும்.

* தலை எண்ணிக்கை: சாப்பாட்டு நேரத்திலும், ஷிப்ட் மாறும்போதும் கட்டாயம். முந்தைய ஷிப்ட் 'எல்லாரும் இருக்காங்க' என்று சொல்வதை நம்பாமல், நேரில் பார்த்து டிக் அடிக்கணும்.

* கதவு: திறந்தால் மணி அடிக்கும் சென்சார் போதும். வாட்ச்மேனிடம் போட்டோவோடு ஒரு பட்டியல் இருக்கணும். பார்வையாளர்கள் வெளியேறும்போது அவர்களோடு சேர்ந்து நடந்துபோய்விடுவது அடிக்கடி நடக்கும்.

* தேடுதல் திட்டம்: யார் மொட்டை மாடி, யார் கழிப்பறை, யார் தெருமுனை என்று முன்பே பிரித்து வைக்கணும். கிணறு, தண்ணீர்த் தொட்டி, குளம் இருந்தால் முதலில் அங்கேதான் பார்க்கணும். புதர், படிக்கட்டுக்கு அடியில், நிறுத்தி வைத்த வண்டிக்குள்ளும் பார்க்கணும். இவர்கள் தடை வரும் வரை நடந்துகொண்டே இருப்பார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் வராமல் போகலாம்.

* 15 நிமிடக் கெடு: அதற்குள் கிடைக்கவில்லை என்றால் போலீஸுக்கும் குடும்பத்துக்கும் தகவல் போகணும். அல்சைமர் சங்கம் சொல்லும் கணக்கும் இதுதான்.

* திரும்பி வந்த பிறகு: திட்டக் கூடாது. காயம், நீரிழப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஏன் கிளம்பினார் என்று யோசிக்கணும். பசியா, வலியா, கழிப்பறை தெரியவில்லையா? காரணம் தெரியாவிட்டால் நாளைக்கும் கிளம்புவார்.

பூட்டிப்போட்டா பிரச்னை முடிஞ்சுதா?

'எதுக்கு இவ்வளவு? கதவைப் பூட்டிட்டா போச்சு' என்று தோன்றலாம். அதற்கான பதிலைத் தமிழ்நாடு 2001 ஆகஸ்ட் 6-ம் தேதியே பார்த்துவிட்டது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் தப்பிக்க முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். ஓடிவிடக் கூடாது என்று போட்ட சங்கிலிதான் உயிரைப் பறித்தது. அதனால், கதவுக்குப் பூட்டு இருந்தால் சாவி யாரிடம், தீ விபத்து என்றால் எப்படித் திறக்கும் என்பதும் பாதுகாப்புத் திட்டத்தின் ஒரு பகுதிதான்.

வேறு வழிகளும் இருக்கின்றன. ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் ஒரு முதியோர் இல்லம், வாசலில் பஸ்ஸே வராத ஒரு பஸ் ஸ்டாப்பை வைத்தது. 'வீட்டுக்குப் போகணும்' என்று கிளம்புபவர் அங்கே உட்காருவார், ஊழியர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார், மனசு அமைதியானதும் உள்ளே கூட்டிவருவார். அவ்வளவு வேண்டாம், சாயங்காலம் துணையோடு ஒரு நடை கூட்டிப்போனாலே பல பேருக்குப் படபடப்பு குறையும்.

நீங்க செய்ய வேண்டியது

* உங்கள் போனில் அவருக்கென ஒரு நோட் வைத்துக்கொள்ளுங்கள். பழைய வீடு, சொந்த ஊர், வேலை பார்த்த இடம், அடிக்கடி போன கோயில், டீக்கடை, எந்தச் செல்லப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பார் என்பது வரை.

* பார்க்கப் போகும்போதெல்லாம் முகம் தெரியும்படி ஒன்று, முழு உருவம் ஒன்று என போட்டோ எடுங்கள். பத்து வருஷத்துக்கு முந்தைய கல்யாண போட்டோ தேடுவதற்கு உதவாது.

* காணோம் என்றால் உடனே 112. '24 மணி நேரம் கழிச்சு வாங்க' என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

* வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் நேரம், இடம், உடுத்தியிருந்த உடை ஆகியவற்றைப் போடுங்கள். கிடைத்ததும் 'கிடைத்துவிட்டார்' என்று அதே குரூப்களில் சொல்லுங்கள்.

* ரோட்டில் குழம்பிப்போய் நிற்கும் முதியவரைப் பார்த்தால் கூட்டம் கூட்டாதீர்கள். 'தாத்தா, தண்ணி குடிக்கிறீங்களா?' என்று தொடங்குங்கள். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567, அவசரம் என்றால் 112.

மனநல பாதிப்போடு ஆதரவின்றித் திரிபவரைக் கண்டால், காணாமல்போனவர் என வழக்கு பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டியது போலீஸின் கடமை என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-வது பிரிவு சொல்கிறது. அதனால், தயங்காமல் தகவல் கொடுக்கலாம்.

இல்லம் தேடும்போது ஏசி இருக்கா, சாப்பாடு எப்படி என்றெல்லாம் விசாரிக்கிறோம். அதோடு இதையும் கேளுங்கள்: "எங்க தாத்தாவைக் காணோம்னா, முதல் 15 நிமிஷத்துல நீங்க என்ன செய்வீங்க?" பதில் தடுமாறினால், வேறு இல்லத்தையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.