கிரேக்கத் தீவுகளைச் சுற்றிப் பாய்ப்படகில் ஒரு கிழமை



விடுமுறைச் செலவுகள் பற்றிய சென்ற மாத உரையில், நாங்கள் 2022 ஓகஸ்டில் கிரேக்கத் தீவுகளுக்குப் பாய்ப்படகில் போய்வந்ததைப் போகிற போக்கில் சொல்லிவிட்டேன். அதன் பிறகு நிலையத்துக்கு வந்த அழைப்புகளில் இரண்டு கேள்விகளே திரும்பத் திரும்ப வந்தன. எவ்வளவு முடிந்தது என்பது ஒன்று. பயமில்லையா என்பது மற்றது. முதலாவதற்குக் கணக்காளனான எனக்கு மறுமொழி சுலபம். இரண்டாவதைத்தான் கொஞ்சம் விளக்க வேண்டும்.

என் மனைவி 1990இல், பதினான்கு வயதில், பேசாலைக் கரையிலிருந்து இரவோடிரவாக மீன்பிடி வள்ளத்தில் இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தவர். இங்கே பல்கலைக்கழகத்தில் பாய்ப்படகு ஓட்டப் பழகிய மகள், "அம்மா, ஒரு கிழமை கடலில இருப்பமா?" என்று கேட்டபோது, "காசு குடுத்து ஆரும் வள்ளத்தில ஏறுவினமோ?" என்றார். உங்களில் பலர் வீட்டிலும் இதே பதில்தான் வரும். ஆகவே எந்தத் தீவு அழகு என்று பார்ப்பதை விட்டு, எந்தக் கடலில் என்ன காற்று வீசும் என்று நானும் மகளும் படிக்கத் தொடங்கினோம்.

யூலை, ஓகஸ்ட் மாதங்களில் ஈஜியன் கடலை ஆள்வது மெல்தெமி என்ற வடகாற்று. பால்கன் நாடுகளின் பக்கம் உயரமுக்கமும் துருக்கியின் பக்கம் தாழமுக்கமும் நிலைகொள்ள, இடையில் காற்று வடக்கிலிருந்து இறங்குகிறது. அந்தத் துருக்கித் தாழமுக்கம், கோடையில் பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா மீது உருவாகும் பெரிய தாழமுக்கத்தின் மேற்கு நீட்சி. ஊரில் சோளகம் வீசும் காலத்தில் அங்கே மெல்தெமி வீசுவது தற்செயல் அல்ல. இந்தக் காற்று மேகம் காட்டாமல் நீல வானத்துடனேயே வரும். பியூபோர்ட் அளவில் 6, 7 சாதாரணம், 8ஐத் தொடுவதும் உண்டு. 6 என்றாலே மணிக்கு 39 கிலோமீற்றர் அளவில் தொடங்குகிறது. சில வேளை நாட்கணக்கில் நிற்காது.

விளம்பரங்களில் வரும் மைக்கோனோஸ், சந்தோரினி எல்லாம் இந்தக் காற்றின் நேர் பாதையில் இருக்கின்றன. ஏதென்சிலிருந்து அங்கே போகும்போது காற்று தள்ளிவிடும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். வாடகைப் படகை வழக்கமாக வெள்ளி மாலைக்குள் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும், சனிக்கிழமை விமானம். இந்த நெருக்கடியில்தான் பலர் நிற்க வேண்டிய நாளில் கடலில் இறங்குகிறார்கள். எங்கள் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையும் சரியாக அந்த மாதங்களில்தான் வருகிறது.

மேற்குக் கரையில் கோர்ஃபு, லெஃப்காடா, இத்தாகா தீவுகள் உள்ள அயோனியன் கடல் பெரும்பாலும் சாந்தமானது. பிற்பகலில் வடமேற்குக் காற்று எழும்பி இரவில் அடங்கிவிடும். ஏதென்சுக்கு அருகே சரோனிக் வளைகுடா உண்டு. இரு பக்கமும் நிலம் காப்பதால் மெல்தெமியின் வேகம் அங்கே பெரும்பாலும் குறைந்துவிடும். நாங்கள் இதைத்தான் தெரிவு செய்தோம்.

அலிமோஸ் படகுத்துறையிலிருந்து ஏஜினா தீவு சுமார் 16 கடல்மைல், ஐந்து நொட் வேகத்தில் மூன்று மணித்தியாலத்துக்குச் சற்று அதிகம். பிஸ்தாவுக்குப் பெயர்போன தீவு அது. கிரேக்கத்தில் முதன்முதலில் வெள்ளி நாணயம் அடித்த இடங்களில் ஒன்று, அதில் கடலாமை உருவம் இருக்கும். வணிகம் படித்தவன் என்பதால் நாணயக் கதையைக் கப்டனிடம் நான் நீட்டி முழக்கினேன், பிள்ளைகள் ஐஸ்கிறீம் வாங்கப் போய்விட்டார்கள். அடுத்தது போரோஸ், பிறகு கார் ஓடாத ஹைட்ரா. அங்கே குளிர்சாதனப் பெட்டியும் கழுதை முதுகில்தான் போகும்.

போரோசிலிருந்து ஹைட்ரா போகும் வழியில் காற்று ஏற, படகு ஒரு பக்கம் சாய்ந்தது. மனைவி கம்பியைப் பிடித்த பிடி விடவில்லை. கப்டன் அவருக்கு ஒரு படம் கீறிக் காட்டினார். படகின் அடியில் தொங்கும் கட்டையில் இரும்போ ஈயமோ வார்த்திருப்பார்கள். படகின் மொத்த நிறையில் மூன்றிலொரு பங்குவரை அதிலேயே இருக்கும். படகு சாயச் சாய அந்தப் பாரம் அதைத் திரும்ப நிமிர்த்தும், பாயும் சாய்ந்து காற்றை வழியவிடும். மனைவி படத்தைக் கனநேரம் பார்த்துவிட்டு, "இந்தக் கடலாலதானே அந்தச் சனமும் வந்தது?" என்று கேட்டார். கப்டன் கிழக்கே கை காட்டினார். 2015இல் மட்டும் எட்டரை இலட்சத்துக்கும் அதிகமானோர் கடல்வழியாகக் கிரேக்கம் வந்தார்கள், பெரும்பாலானோர் துருக்கிக் கரையிலிருந்து லெஸ்வோஸ் முதலிய தீவுகளுக்கு. அவர்களின் றப்பர் படகுகளில் இப்படி ஒரு பாரம் இல்லை. மனைவி வந்த வள்ளத்திலும் இருக்கவில்லை. படகு ஓடும் நேரமெல்லாம் உயிர்காப்பு அங்கியை அவர் கழற்றவில்லை. நாங்களும் கழற்றச் சொல்லவில்லை.

இனிக் கணக்கு. கப்டன் இல்லாமல் படகு எடுப்பதாயின் ஒருவரிடம் அங்கீகரிக்கப்பட்ட சான்றிதழும், கூட வரும் இன்னொருவரிடம் அனுபவமும் இருக்க வேண்டும். எங்களுக்கு அந்த இரண்டாவது ஆள் இல்லை. கப்டனை அமர்த்தினால் நாட்கூலியுடன் சாப்பாடும் நம் பொறுப்பு, ஒரு அறையும் அவருக்குப் போய்விடும். டீசல், துறைமுகக் கட்டணம், கடைசித் துப்புரவுக் கூலி தனி. பிணைப்பணத்தை வங்கி அட்டையில் பிடித்து வைப்பார்கள், அட்டையில் அந்தளவு இடம் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். எங்களுக்கு வாடகைக்கு மேல் ஏறிய செலவு வாடகையின் பாதியை எட்டியது. இரண்டு குடும்பம் பிரித்துக்கொண்டதால் தாங்க முடிந்தது.

படகில் ஏறும் எல்லோரின் பெயரும் கடவுச்சீட்டு இலக்கமும் பட்டியலில் போகும். அகதிப் பயண ஆவணத்தில் பயணிப்போர், படகுக்கு முற்பணம் கட்டுவதற்கு முன்னரே விசா தேவையா என்று கிரேக்கத் தூதரகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காற்றைப் போலவே முற்பணமும் திரும்பி வராது.