கொடி ஏறிய மரம்

பிரேசில் நட் மரத்தின் காய் முற்றி விழ ஏறத்தாழ 15 மாதம் ஆகிறது. இரண்டு கிலோ வரை கனக்கும் அந்தக் கட்டை உருண்டை, 40, 50 மீட்டர் உயரத்திலிருந்து அமேசான் தரையில் வந்து விழும். ஓட்டை வெட்டுக்கத்தியால் பிளந்தால், உள்ளே 10 முதல் 25 கொட்டைகள் ஆரஞ்சுச் சுளைபோல நெருங்கி அமர்ந்திருக்கும். பிரேசிலின் ஆக்ரி மாநிலக் காடுகளில் வாழும் பல குடும்பங்களுக்கு மழைக்காலத்து வருமானம் இதுதான்.

இந்த மரத்தில் பெருங்கொடிகள் தொற்றி ஏறுகின்றன. தன்னைத் தாங்கிக்கொள்ளப் பருத்த தண்டு கொடிக்குத் தேவையில்லை. மரம் பல பத்தாண்டுகளாக வளர்த்த உடம்பே அதற்கு ஏணி. மிச்சமாகும் சத்தையெல்லாம் இலையாக்கி, உச்சியில் வெயிலை மறித்துப் படர்கிறது. மண்ணுக்குள்ளும் நீருக்குப் போட்டிதான். கொடியைக் குறுக்கே வெட்டினால் அகன்ற நீர்க்குழாய்கள் வெறுங்கண்ணுக்கே துளைதுளையாகத் தெரியும்.

ஆக்ரியில் கேரன் கைனர், லூசியா வாட் முதலிய ஆய்வாளர்கள் இந்த மரங்களைக் கவனித்து 2006-இல் எழுதியது என்னை மிகவும் வியக்கவைத்தது. கொடி மண்டிய மரங்களில் காய் குறைவு, கிளைப்பரப்பும் சிதைந்திருந்தது. ஆனால் அடிமரம் பருப்பதில் தெளிவான வேறுபாடு தென்படவில்லை. கீழே நின்று அடிமரத்தை மட்டும் பார்ப்பவருக்கு மரம் நன்றாகவே இருக்கும். வரவு குறைந்த மரம் முதலில் கைவைப்பது காய்ப்பில்தான் என்று எண்ணத் தோன்றுகிறது.

கொடியை அடியில் வெட்டிவிட்டால்? காய்ப்பு கூடுகிறது, ஆனால் உடனே அல்ல. செத்த கொடி மேலேயே தொங்கி, மெல்ல மக்கி உதிர வேண்டும். மரம் புதுக்கிளை விட்டு உச்சியை மீட்க வேண்டும். பலன் தெரியச் சில ஆண்டுகள் பிடிக்கும்.

அதற்காகக் காட்டிலுள்ள கொடியையெல்லாம் வெட்டுவது பெருந்தவறு. குரங்குகளுக்கு அவை பாதை, பழம் தரும் பந்தல். பிரேசில் நட் பூவின் மூடியைத் தூக்கி உள்ளே நுழைய வலுவுள்ள பெரிய தேனீக்களால்தான் முடியும். அம்மரம் பூக்காத மாதங்களில் அவற்றுக்குத் தேன் வேண்டும், கொடிப்பூக்களும் அதைத் தருகின்றன. எனவே காய்க்கும் மரத்தில் ஏறியதை மட்டும் வெட்டி, பக்கத்து மரத்துக் கொடியை விட்டுவைப்பதே சரி. கொட்டை பொறுக்கப் போகிறவர் கையில் வெட்டுக்கத்தி எப்படியும் இருக்கிறது.