போராடப் போனால் அழகாக உடுத்தக் கூடாதா?

1970-களின் இத்தாலி. விவாகரத்து உரிமை, கருக்கலைப்பு உரிமை கேட்டுப் பெண்கள் வீதிக்கு வந்த காலம். மிலன் நகரப் போராட்டங்களில் தோழிகள் எல்லாம் ஜீன்ஸில் வர, ஓர் இளம்பெண் மட்டும் பிரெஞ்சு டிசைனர் ஈவ் சாங் லோரான் உடையில் வந்து துண்டறிக்கை கொடுப்பார். அவர்தான் மியூச்சா ப்ராடா!

அலங்காரம் என்பது ஆண்களின் கண்ணுக்காக, சமத்துவம் கேட்கிறவள் அதைத் தூக்கிப்போட வேண்டும் என்று பெண்ணியவாதிகள் பலர் நினைத்தார்கள். அதில் நியாயமும் இருந்தது. ஆனால், தனக்குப் பிடித்ததை உடுத்துவதும் உரிமைதானே?

அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம், கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர், மைம் கலைஞர் என்றிருந்த மியூச்சாவுக்கு ஃபேஷன் தொழிலுக்கு வரவே கூச்சம். தாத்தா மரியோ ப்ராடா 1913-ல் தொடங்கிய தோல் பொருள் கடை அது. பெண்களுக்கு வியாபாரம் சரிப்படாது என்று நினைத்தவர் மரியோ. கடைசியில் கடையைக் காப்பாற்றியது அவர் மகளும், பேத்தியும்தான்!

தோல் பைதான் அந்தஸ்து என்றிருந்த 1980-களில், பெட்டிகளுக்கு உறை போடும் கெட்டி நைலானில் கறுப்புப் பை கொண்டு வந்தார் மியூச்சா. எடை குறைவு. முதுகில் மாட்டிக்கொண்டால் இரு கைகளும் வேலைக்குத் தயார்.

1988-ல் பெண்களுக்கான உடைகள் வந்தன. 1996 கோடைக்கால உடைகளிலோ மங்கிய பச்சை, பழுப்பு, பழைய திரைச்சீலை மாதிரியான டிசைன்கள். 'இதெல்லாம் அழகா?' என்று ஃபேஷன் உலகம் திகைத்தது. பெண் என்றால் கண்ணுக்கு இதமாகத்தான் இருக்க வேண்டுமா என்பது மியூச்சாவின் கேள்வி. 2008-ல் லேஸ் துணியை எடுத்தார். கொஞ்சலுக்கும் கவர்ச்சிக்கும் உரியதாகப் பார்க்கப்பட்ட லேஸ், அவர் கையில் கழுத்து வரை மூடிய, கம்பீரமான உடையானது.

இந்த உடைகளின் விலை சாமானியப் பெண்களுக்கு எட்டாது. இத்தாலியப் பெண்களுக்கு உரிமைகளை வாங்கித் தந்ததும் உடை அல்ல. வீதியில் நின்ற பெண்களின் குரல்தான். ஆனாலும், 'இப்படி அலங்கரித்துக்கொண்டு வருகிறவளுக்கு உரிமை பற்றி என்ன தெரியும்?' என்று யாராவது கேட்டால், மியூச்சாவைச் சொல்லுங்கள். அந்தத் துண்டறிக்கையைக் கொடுக்க அவர் உடை ஒருநாளும் தடையாக இருந்ததில்லை!