உப்பு வியாபாரி படுக்கை கொடுத்த மலை, தெரியுமா?

மதுரைப் பக்கத்து அழகர்மலைக் குகையில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய வியாபாரிகள் வரிசையாகத் தங்கள் பெயரைப் பொறித்திருக்கிறார்கள், தெரியுமா? உப்பு விற்றவர், வெல்லம் விற்றவர், ஏர்க்கொழு விற்றவர், துணி விற்றவர், கூடவே ஒரு பொற்கொல்லர்! அரசரோ அமைச்சரோ இல்லை, கடைத்தெரு ஆட்கள். சமணத் துறவிகள் தங்குவதற்குக் குகையில் கற்படுக்கை அமைத்துக் கொடுத்தவர்கள் இவர்கள்தான்!

இதையெல்லாம் அந்தப் பாறைக்கு முன்னாலேயே உட்காரவைத்து, காசு வாங்காமல் சொல்லித் தருகிறார்களே, அது தெரியுமா? எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் தொடங்கிய ‘பசுமை நடை’ அமைப்புதான் அது. ஞாயிறு விடியலில் ஊரே மலையடிவாரத்தில் கூடும். தாத்தா, பாட்டி, கைக்குழந்தை என்று குடும்பம் குடும்பமாக ஏறுவார்கள். மேலே தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றவர்கள் கல்வெட்டைப் படித்து, விளக்கி, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்வார்கள். இறங்கி வந்தால் காலைச் சாப்பாடும் உண்டு!

இது தொடங்கிய கதை இன்னும் வியப்பு! மதுரையை அடுத்த யானைமலையைக் குடைந்து சிற்ப நகரமாக்கும் திட்டம் வருகிறது என்று 2010இல் பேச்சு எழ, சுற்றுவட்டார மக்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த மலையைப் பார்க்கப் போன பயணம்தான் பசுமை நடைக்கு விதை! அதே யானைமலையடியில் கி.பி. 770இல் குடையப்பட்ட நரசிங்கப் பெருமாள் கோயில் இருக்கிறது. பாண்டியனின் அமைச்சர் மாறன்காரி கோயிலைக் குடைவித்தார், ஆனால் குடமுழுக்குக்கு முன்பே இறந்துபோனார். தம்பி மாறன் எயினன் முகமண்டபம் கட்டி வேலையை முடித்தார். அண்ணன் தம்பி இருவர் கதையும் கோயில் கல்லிலேயே இருக்கிறது!

அதே மதுரைப் பக்கத்து மாங்குளத்துக்கு வாருங்கள். பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் பொறித்த தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டு அங்கே! ராபர்ட் சிவெல் 1882இல் அதைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் இந்தக் குகை எழுத்துகளில் இருப்பது தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துச்சொன்னது 1924இல். நாற்பது ஆண்டுக்கு மேல் கண்ணெதிரே இருந்தும் பிடிபடவில்லை! காலம் கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்று கணித்தவர் ஐராவதம் மகாதேவன்.

இந்தக் குகை எழுத்துகள் இவ்வளவு காலம் மழையில் கரையாமல் எப்படித் தப்பின? குகை வாயிலின் நெற்றியைப் பாருங்கள். பாறையில் நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பார்கள். மேலிருந்து வழியும் தண்ணீர் உள்ளே இறங்காமல் அந்த விளிம்பிலேயே சொட்டிவிடும். படுக்கையும் நனையாது, துறவியும் நனையமாட்டார். தலை வைக்கும் இடத்தில் கல்லையே சற்று மேடாக விட்டுச் செதுக்கியிருக்கிறார்கள், அதுதான் தலையணை! புத்தகத்தில் எத்தனை முறை படித்தாலும் இது மனதில் நிற்காது. பக்கத்தில் நின்று ஒருவர் விரல் நீட்டிக் காட்ட வேண்டும்.

அச்சணந்தி என்ற சமண முனிவரின் பெயர் வடக்கே வள்ளிமலையிலிருந்து தெற்கே குமரி மாவட்டச் சிதறால் வரை மலை மலையாகக் கிடைக்கிறது, தெரியுமா? கீழக்குயில்குடி சமணர்மலைப் பேச்சிப்பள்ளத்தில் அவருடைய தாயார் குணமதியாரே ஒரு திருமேனி செய்வித்ததாக வட்டெழுத்துக் கல்வெட்டு இருக்கிறது. துறவியின் தாய் பெயரைக் கல்லில் காணும் வாய்ப்பு எத்தனை ஊருக்குக் கிடைக்கும்!

மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியைச் சொல்லாமல் விடமுடியாது. தமிழிக் கல்வெட்டு, மகாவீரர் சிற்பம், குடைவரைச் சிவன் கோயில், தமிழ்நாட்டில் அரிதான லகுலீசர் (பாசுபத சைவ குரு) சிற்பம் எல்லாம் ஒரே ஊரில்! பாறை இடுக்குகளில் வல்லூறுகள் வேறு. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது கிராமங்கள் திரண்டன. சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்து! போராடிய மக்கள் இந்தக் கல்வெட்டுகளையும் குடைவரையையும் காரணமாக எடுத்துச்சொன்னார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

இந்த மலைகளுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸ் தேய்க்காதீர்கள், பெயர் கிறுக்காதீர்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்துகள் நன்றாகவே தெரியும். தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள்!